மூன்றாம் நாள் நெகட்டிவ்

2020 மார்ச் 15 அன்று கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தில், துபாய்க்குக் கிளம்பத் தயாராக நின்ற விமானத்திலிருந்து பிரிட்டனைச் சேர்ந்த ஒரு சுற்றுலாப் பயணியைக் கீழே இறக்கினார்கள். மூணாறுக்கு வந்து, அங்கே தனிமையில் வைக்கப்பட்டிருந்த குழுவில் ஒருவர் அவர். கொரோனா உறுதி என்ற முடிவு வந்தபோது குழு ஊருக்குக் கிளம்பி விமானமே ஏறியிருந்தது. அவரைக் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்த்தார்கள். கூட்டுறவுக் கல்லூரியாகத் தொடங்கி, 2013இல் அரசு ஏற்றுக்கொண்ட நிறுவனம் அது. எச்.எம்.டி. தொழிற்சாலையும் கொச்சி பல்கலைக்கழகமும் இருக்கிற அந்தத் தொழிற்பேட்டைப் பகுதியின் பெயர் அந்த வாரம் நாடு முழுவதும் செய்திகளில் அடிபட்டது.

நோயாளிக்குக் கடுமையான நிமோனியா. அப்போது கொரோனாவுக்கென்று ஒரு மருந்தும் கிடையாது. எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கொடுக்கும் லோபினவிர், ரிடோனவிர் என்ற இரட்டை மருந்தைக் களமசேரி மருத்துவர்கள் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எடுத்த மாதிரி நெகட்டிவ் என்று வந்தது. ஏழு நாள் மருந்து முடிந்தது, அவர் தேறினார், ஊருக்கும் போய்ச் சேர்ந்தார். கேரளமே மகிழ்ந்தது. எச்.ஐ.வி. மருந்து கொரோனாவைக் குணப்படுத்துகிறது என்ற நம்பிக்கை பத்திரிகைத் தலைப்புகளில் ஏறிக்கொண்டது.

அந்த மருத்துவர்கள் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், நுரையீரல் நோய் உள்ளவர்கள் என ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகப் பார்த்து இந்த மருந்தைத் தரலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே வாரம் வழிகாட்டியிருந்தது. அதற்கு முன்பே ஜெய்ப்பூரில் ஓர் இத்தாலியத் தம்பதிக்கு இதைக் கொடுத்திருந்தார்கள். கண்ணெதிரே மூச்சுக்குத் திணறும் மனிதருக்குக் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். என் அக்கறை அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. அவர் குணமானார். இதிலிருந்து அந்த மருந்தைப் பற்றி நமக்கு என்ன தெரிய வந்தது?

ஒன்றும் தெரிய வரவில்லை. கேட்பதற்குக் கடினமாக இருந்தாலும் இதுதான் உண்மை. மருந்து கொடுத்தார்கள், பிறகு நோயாளி தேறினார் என்ற இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே நம் மனம் தானாகவே 'அதனால்' என்று ஒரு பாலம் போட்டுவிடுகிறது. கொரோனா வந்தவர்களில் பெரும்பாலோர் எந்த மருந்தும் இல்லாமலே தேறினார்கள். நிமோனியா வரை போனவர்களிலும் நிறையப் பேர் ஆக்சிஜனும் கவனிப்பும் கிடைத்தால் பிழைத்தார்கள். மருந்து கொடுக்காமல் விட்டிருந்தால் இந்த மனிதருக்கு என்ன ஆகியிருக்கும்? அதைப் பார்க்க இன்னொரு தடவை அதே மனிதரை அதே நாளில் அதே கட்டிலில் படுக்க வைக்க முடியாது. மருத்துவத்தில் ஆராய்ச்சிச் சான்று என்று நாம் பேசுவதெல்லாம், பார்க்க முடியாத அந்த இன்னொரு தடவையை நேர்மையான வழியில் பார்க்க எடுக்கும் முயற்சிதான்.

இந்த மருந்தின் மேல் நம்பிக்கை எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது மூடநம்பிக்கை அல்ல. எச்.ஐ.வி. கிருமி பெருகுவதற்கு ஒரு நீண்ட புரதச் சங்கிலியைச் சரியான இடங்களில் வெட்டும் நொதி ஒன்று வேண்டும். லோபினவிர் அந்த நொதியைப் பிடித்து அடைத்துவிடும். கல்லீரல் லோபினவிரைச் சிதைத்துவிடாமல் ரிடோனவிர் காக்கும். கொரோனா வைரஸுக்கும் இப்படி வெட்டும் நொதி உண்டு, ஆகவே இங்கேயும் பலிக்கலாம் என்று யோசித்ததில் தர்க்கம் இருந்தது. போதாததற்கு 2003இல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கில் கிடைத்த தரவும் கையில் இருந்தது. அங்கே இந்த மருந்தையும் ரிபாவிரினையும் சேர்த்துப் பெற்ற 41 பேரில் 2.4 விழுக்காட்டினர்தான் மோசமான நிலைக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள். முன்னதாக ரிபாவிரின் மட்டும் பெற்ற 111 பேரில் அது 28.8 விழுக்காடு. எண்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் அந்த 111 பேர் முன்பு வந்தவர்கள், 41 பேர் பிறகு வந்தவர்கள். ஒரு புதுத் தொற்றின் தொடக்கத்தில் வரும் நோயாளிகளும் சில வாரம் கழித்து வருபவர்களும் ஒன்றல்ல. அதற்குள் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அந்த நோயைக் கையாளப் பழகியிருக்கும். நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பார்கள், மற்ற மருந்துகளின் அளவை மாற்றியிருப்பார்கள். இரு கூட்டத்துக்கும் இருந்த வேறுபாட்டில் லோபினவிரின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியே இல்லை.

களமசேரியில் அந்தப் பயணி படுத்திருந்த அதே வாரம், மார்ச் 18 அன்று, வூஹானின் ஜின்யின்தான் மருத்துவமனையிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. நெருக்கடியின் உச்சத்தில், படுக்கைகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்த ஊரில், அந்த மருத்துவர்கள் 199 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 99 பேருக்கு வழக்கமான கவனிப்புடன் லோபினவிர்–ரிடோனவிர், 100 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். அந்தச் சூழலில் இப்படி ஓர் ஆய்வு நடத்தத் தோன்றியதே பெரிய விஷயம். யாருக்கு மருந்து என்பதை மருத்துவரின் இரக்கமோ நோயாளியின் செல்வாக்கோ தீர்மானிக்காதபோதுதான் இரண்டு கூட்டமும் வயதிலும் நோயின் கடுமையிலும் நமக்குத் தெரியாத நூறு காரணங்களிலும் ஏறக்குறைய ஒன்றாக அமையும். பிறகு இரண்டுக்கும் நடுவே தெரிகிற வேறுபாட்டுக்கு மருந்து காரணமாக இருக்கலாம், அல்லது தற்செயல் காரணமாக இருக்கலாம். மூன்றாவது காரணத்துக்கு இடமில்லை.

முடிவு என்ன? மருந்து பெற்றவர்களில் 19 பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 25 பேர். ஆறு உயிர் காப்பாற்றப்பட்டது என்று சொல்லத் தோன்றும். நாணயத்தைச் சுண்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு தடவை சுண்டினால் சரியாக ஐம்பது தலை விழுவதில்லை. 46 விழும், 53 விழும், அதற்காக நாணயத்தில் கோளாறு என்று யாரும் சொல்வதில்லை. மருந்து துளியும் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டாலும், இப்படி நூறு நூறு பேராகப் பிரித்துப் பார்த்தால் இந்த அளவோ இதைவிடக் கூடவோ வேறுபாடு ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை தற்செயலாகவே வந்துவிடும். ஆகவே 199 பேரின் ஆய்வால் 'பலிக்கிறது' என்றும் சொல்ல முடியவில்லை, 'பலிக்காது' என்றும் முடிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மருந்து பெற்றவர்களில் 13 பேர் பக்க விளைவு தாங்காமல் பாதியில் நிறுத்தினார்கள்.

சின்னக் கூட்டத்தில் தற்செயலின் சத்தம் பெரிதாகக் கேட்கும். அதை அடக்கப் பெரிய கூட்டம் வேண்டும். பிரிட்டனில் ரெக்கவரி என்ற ஆய்வு 1616 பேருக்கு லோபினவிர்–ரிடோனவிர் கொடுத்து, கொடுக்காத 3424 பேருடன் ஒப்பிட்டது. 28 நாளில் இறந்தவர்கள் 23 விழுக்காடு, 22 விழுக்காடு. உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வு 30 நாடுகளில் 405 மருத்துவமனைகளில் நடந்தது. 2020 அக்டோபர் நடுவில் இந்தியாவிலிருந்து 26 இடங்களில் 937 பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். மருந்து பெற்ற 1399 பேரில் 148 பேர் இறந்தார்கள், பெறாத 1372 பேரில் 146 பேர். இரண்டும் 10.6 விழுக்காடு. இதற்குமேல் ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காது. களமசேரியில் தேறிய மனிதரைத் தேற்றியது அந்த மாத்திரை என்று நம்ப இனி எந்த ஆதாரமும் இல்லை. அவரைப் பிழைக்க வைத்ததில் அவர் உடலுக்கும், ஆக்சிஜனுக்கும், கவச உடைக்குள் வியர்த்து நனைந்தபடி இரவும் பகலும் அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். செய்தித் தலைப்புகளில் அந்தப் பங்கு வரவில்லை.

ஆய்வுகள் நம்பிக்கையைப் பறிப்பவை என்று இதைப் படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. அதே ரெக்கவரி ஆய்வுதான் 2020 ஜூன் 16 அன்று டெக்ஸாமெத்தசோனைப் பற்றி அறிவித்தது. எந்தச் சிறு ஊர் மருந்துக் கடையிலும் கிடைக்கிற, மிக மலிவான ஸ்டீராய்டு அது. சார்ஸ் காலத்து அனுபவத்தை வைத்து, கொரோனாவுக்கு ஸ்டீராய்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் தொடக்கத்தில் அறிவுரை இருந்தது. குலுக்கலில் அது தவறு என்று தெரிந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 41.4 விழுக்காடு இறந்த இடத்தில், டெக்ஸாமெத்தசோன் பெற்றவர்களில் இறந்தவர்கள் 29.3 விழுக்காடு. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 இலிருந்து 23.3 ஆனது. தர்க்கம் பலமாக இருந்த விலையுயர்ந்த மருந்து தோற்றது. எல்லோரும் பயந்த மலிவான மருந்து ஜெயித்தது. மூளையைக் கசக்கி யோசித்து மட்டும் இந்த இரண்டையும் முன்கூட்டியே சொல்லியிருக்க யாராலும் முடிந்திருக்காது.

அந்த ஆய்வில் மூன்றாவதாக ஒரு வரியும் இருந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் எந்த நன்மையும் செய்யவில்லை. அவர்களில் மருந்து பெறாதவர்கள் இறந்தது 14 விழுக்காடு, பெற்றவர்கள் 17.8 விழுக்காடு. காரணமும் புரியக்கூடியதுதான். முதல் நாட்களில் உடல் வைரஸுடன் மோதிக்கொண்டிருக்கிறது. அப்போது ஸ்டீராய்டு கொடுத்தால் சண்டையிடும் கையைத்தான் கட்டிவிடுகிறோம். நோய் முற்றிய பிறகு உடலின் சொந்த அழற்சியே நுரையீரலை நாசமாக்கும்போதுதான் அந்த மருந்துக்கு வேலை. 2021இன் இரண்டாம் அலையில் இந்த மூன்றாவது வரி பல இடங்களில் காணாமல் போனது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே வீட்டில் ஸ்டீராய்டு, ஆக்சிஜன் அளவு 98 இருக்கும்போதே ஸ்டீராய்டு, வாட்ஸ்அப்பில் சுற்றிய சீட்டைக் காட்டி வாங்கிய ஸ்டீராய்டு. சர்க்கரை ஏறியது. அந்த ஆண்டு கரும்பூஞ்சை நோயால் கண்ணையும் தாடையையும் உயிரையும் இழந்தவர்களில் பலர் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து பலியானவர்கள். ஆராய்ச்சியின் முடிவைப் பாதி வரை படிப்பது, படிக்காமல் விடுவதைவிட மோசம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

பிளாஸ்மாவின் கதையும் நம் நாட்டில் நடந்ததுதான், அதில் நாம் பெருமைப்பட இடம் உண்டு. நோயிலிருந்து தேறியவரின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கும், அதை எடுத்து நோயாளிக்கு ஏற்றலாம் என்ற யோசனை கேட்பதற்கே அழகாக இருக்கிறது. 2020இல் பிளாஸ்மா கேட்டு மக்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்த அலைச்சலுக்கு நடுவே 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்து பிளாசிட் என்ற ஆய்வை நடத்தியது. ஏப்ரல் 22இல் தொடங்கி ஜூலை 14க்குள் நோயாளிகளைச் சேர்த்து முடித்தது. பிளாஸ்மா பெற்றவர்களில் 34 பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 31 பேர். நோய் முற்றியதிலும் வேறுபாடில்லை. உலகத்தின் முதல் பெரிய பிளாஸ்மா ஆய்வுகளில் ஒன்று நம்முடையது. ஆனால் அந்த முடிவு வெளியான பிறகும் பல மாதங்கள் குடும்பங்கள் பிளாஸ்மாவுக்காக நள்ளிரவில் போன் போட்டுக்கொண்டிருந்தன. 2021 மே மாதம்தான் தேசிய வழிகாட்டு நெறியிலிருந்து அது நீக்கப்பட்டது. சான்று கிடைப்பதற்கும் அது கட்டிலருகே வந்து சேர்வதற்கும் நடுவே உள்ள அந்த மாதங்களின் விலையைக் கொடுப்பவர்கள் நோயாளிகளின் வீட்டார்.

இந்த முறை மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உலகத்தின் காசநோய் மருத்துவத்தைத் தலைகீழாக மாற்றிய குலுக்கல் ஆய்வு சென்னையில் நடந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை வழிநடத்தினார். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததே. அப்போது காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. ஆனால் நாட்டில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் சானடோரியப் படுக்கைகள் எந்த மூலைக்கு? வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன? வீட்டில் நெருக்கடி, அரை வயிற்றுச் சாப்பாடு, பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைகளுக்குத் தொற்றிக்கொள்ளும் என்று எல்லோரும் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருந்தது.

193 நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, ஒரு பாதி தங்கள் குடிசைக்கும் ஒண்டிக்குடித்தனத்துக்கும். இரு பாதிக்கும் ஓராண்டு அதே மருந்து, ஐசோனியாசிடும் பாஸும். வீட்டில் இருந்தவர்களிடம் சுகாதாரச் செவிலியர்கள் போனார்கள். முன்னறிவிப்பில்லாமல் வாசலில் போய் நின்று மாத்திரைகளை எண்ணினார்கள், மருந்து உடம்புக்குள் போனதா என்று சிறுநீரைச் சோதிக்க எடுத்து வந்தார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினர், வீட்டில் 86 விழுக்காட்டினர் நோய் அடங்கிய நிலைக்கு வந்திருந்தார்கள். சானடோரியத்துக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாக ஓய்வெடுத்தார்கள். அப்படியும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டிலிருந்த குழந்தைகளுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை, ஏனென்றால் மருந்து ஆரம்பித்த பிறகு நோயாளியின் தொற்றும் தன்மை வேகமாகக் குறைகிறது. 1959இல் இந்த முடிவு வெளியானது. அதன்பின் உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. லட்சக்கணக்கானவர்கள் குடும்பத்தை விட்டுப் பிரியாமல் குணமானார்கள். சென்னைக் குடிசைகளில் மாத்திரை எண்ணிய அந்தச் செவிலியர்கள் இல்லையென்றால் அந்த ஆய்வே இல்லை. அவர்களின் பெயர்களைப் பாடப்புத்தகத்தில் பார்க்க முடியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எல்லாக் கேள்வியையும் குலுக்கலில் போட முடியாது. கவச உடை போட்ட செவிலியர், போடாத செவிலியர் என்று பிரித்து நிபா வைரஸ் தாக்கிய நோயாளியின் பக்கத்தில் நிறுத்துகிற ஆய்வை எந்த நாகரிக சமூகமும் அனுமதிக்காது. அங்கே சான்று வேறு வழியில் வருகிறது. நடந்ததைப் பொறுமையாகத் திரும்பிப் பார்த்து, யாரிடமிருந்து யாருக்கு, எந்த அறையில், எந்த மணியில் தொற்றியது என்று கண்ணி கண்ணியாகக் கோப்பதுதான் வழி. 2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் ஒரு மர்மக் காய்ச்சல் 66 பேரைத் தாக்கியது. மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைப் பணியாளர்களும் நோயாளிகளைப் பார்க்க வந்துபோனவர்களும்தான். அது நிபா என்று சேமித்து வைத்திருந்த மாதிரிகளைச் சோதித்துக் கண்டுபிடித்து ஆய்விதழில் எழுதியபோது ஆண்டு 2006 ஆகிவிட்டது. இந்த நோய் வார்டுக்குள் பரவும் என்ற செய்தி அப்போதே அச்சில் இருந்தது.

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரா வட்ட மருத்துவமனைக்கு ஓர் இளைஞர் காய்ச்சலோடு வந்தார். அவரைக் கவனித்தவர்களில் ஒருவர் லினி புதுசேரி என்ற செவிலியர். மே 21 அன்று அவரே நிபாவுக்குப் பலியானார். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். அடுத்துவந்த மாதங்களில் ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சங்கிலியைக் கோத்தார்கள். மொத்தம் 23 பேர், அவர்களில் 21 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லாருக்குமே முதல் நோயாளி வழியாக, அவர் இருந்த மருத்துவமனைகளிலும் வீட்டிலும் தொற்றியிருந்தது. ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த நடைபாதையில் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தவர்களும் அதில் உண்டு. இருமலும் மூச்சுத் திணறலும் உள்ள, நோய் முற்றிய நோயாளியின் பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்து என்று தெரிந்தது. நடமாடிக்கொண்டிருக்கும் தொடக்க நிலை நோயாளிகளிடமிருந்து அது பெரிதாகப் பரவவில்லை.

இந்த அறிவு சரியான நேரத்தில் வந்து சேர்ந்த இடம் எறணாகுளம். 2019 ஜூன் 4 அன்று அங்கே ஒரு கல்லூரி மாணவருக்கு நிபா உறுதியானது. அவர் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தார். களமசேரி மருத்துவக் கல்லூரியில் தனி வார்டு தயாரானது. அவருடன் தொடர்பிலிருந்து காய்ச்சல் கண்டவர்களை அங்கே வைத்துக் கவனித்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கண்காணிப்பில் வைத்தார்கள். யாருக்கு இருமல், யார் எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தார் என்று பட்டியல் போட்டு ஆபத்தை வகைப்படுத்தினார்கள். மாணவர் பிழைத்தார். வேறு ஒருவருக்கும் தொற்றவில்லை. ஒரே நோயாளியை வைத்து மருந்தை மதிப்பிடக் கூடாது என்று முதலில் எழுதினேன். ஒரே ஒரு தொற்றை வைத்துத் தடுப்பு முறையையும் மிகையாக மெச்சக் கூடாதுதான், ஏனென்றால் பல நிபா நோயாளிகள் யாருக்கும் பரப்புவதே இல்லை. ஆனாலும் அந்த வார்டில் செவிலியர்கள் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் பின்னால் கோழிக்கோட்டுச் சங்கிலியிலிருந்து எடுத்த ஒரு காரணம் இருந்தது. பயத்தை மட்டும் நம்பி வேலை செய்வதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. பயந்தவர் எல்லாவற்றையும் செய்யப் பார்த்துக் களைத்துப்போவார். காரணம் தெரிந்தவர் எங்கே விழிப்பாக இருக்க வேண்டுமோ அங்கே இருப்பார்.

அடுத்த ஆண்டு கொரோனா வந்தபோது அதே வளாகத்தில் தொலைபேசிக் கூண்டு போன்ற கண்ணாடிப் பெட்டி ஒன்றை வைத்தார்கள். மாதிரி எடுப்பவர் உள்ளே நின்று, கண்ணாடியில் பொருத்திய கையுறைக்குள் கையை விட்டு, வெளியே நிற்பவரின் தொண்டையிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் மாதிரி எடுத்துவிடலாம். தென்கொரியாவில் செய்ததைப் பார்த்து உருவாக்கியது. கவச உடைக்குத் தட்டுப்பாடு இருந்த ஏப்ரலில் அது பெரிய உதவி. நடிகர் மோகன்லாலின் அறக்கட்டளை கொடுத்த ரோபோ ஒன்றும் வார்டுக்குள் உணவும் மருந்தும் கொண்டுபோனது. படம் பிடித்தவர்கள் எல்லோரும் ரோபோவைத்தான் பிடித்தார்கள். எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் பிடித்திருந்தது, ஆபத்து எங்கே என்று தெரிந்து செய்த வேலை அது.

செவிலியத்துக்கும் இந்தச் சான்றுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது மருந்து என்ற சொல்லிலிருந்து கொஞ்சம் விலகி வர வேண்டும். கட்டிலருகே நடப்பதில் பெரும்பகுதி மருந்தல்ல. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருப்பவரைக் குப்புறப் படுக்க வைப்பது அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதுகுப்புற நுரையீரல் திறந்துகொள்ளும், ரத்தமும் காற்றும் சந்திப்பது சீராகும் என்று நெடுநாளாகவே சொல்லி வந்தார்கள். உயிர் மிஞ்சுமா என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. 2013இல் பிரெஞ்சு மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ப்ரோசேவா ஆய்வு அதைக் காட்டியது. 466 நோயாளிகளில், மல்லாந்து படுத்தவர்களில் 28 நாளில் 32.8 விழுக்காட்டினர் இறந்தார்கள், நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் குப்புறப் படுத்தவர்களில் 16 விழுக்காட்டினர். பாதியாகக் குறைந்தது. எந்த மருந்துக் கம்பெனியும் இதை விற்க முடியாது. இதைச் செய்ய நான்கைந்து பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று குழாய் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஒரே மூச்சில் புரட்ட வேண்டும். கண்ணும் கன்னமும் மார்பும் அழுந்திப் புண்ணாகாமல் மணிக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். உயிரைக் காப்பாற்றும் இந்த வேலைக்குக் கணக்குப் போட்டால் அது செவிலியரின் எண்ணிக்கையில் வந்து நிற்கிறது.

இன்னும் சின்ன விஷயம் ஒன்று, ஆனால் மருத்துவமனையில் படுத்த எல்லோருக்கும் தெரிந்தது: மருந்து ஏற்றப் புறங்கையில் குத்தி வைக்கும் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய். வீங்கினாலும் வீங்காவிட்டாலும் மூன்று நாளுக்கொரு தடவை அதை எடுத்து வேறு இடத்தில் போட வேண்டும் என்று நெடுங்காலமாக விதி இருந்தது. ஆஸ்திரேலியாவில் கிளேர் ரிக்கார்ட் என்ற செவிலிய ஆராய்ச்சியாளர் இந்த விதியைக் கேள்வி கேட்டார். குயின்ஸ்லாந்தின் மூன்று மருத்துவமனைகளில் 3283 நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு மூன்று நாளில் கட்டாய மாற்றம், இன்னொன்றுக்குத் தேவை ஏற்பட்டால் மட்டும் மாற்றம். 2012இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ரத்தக்குழாய் அழற்சி இரண்டிலும் 7 விழுக்காடு. நரம்பே கிடைக்காத முதியவர்களின் கையில் மூன்று நாளுக்கொரு தடவை குத்தியதெல்லாம் பயனில்லாத வலி என்று தெரிந்தது. ஒரு செவிலியர் தினமும் செய்யும் வேலையைப் பார்த்து 'இது எதற்காக?' என்று கேட்டுப் பெற்ற பதில் இது. இந்தக் காரணத்தால் எனக்கு அந்த ஆய்வு மிகவும் பிடிக்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜெனீவாவின் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் கட்டாய மாற்றத்தைக் கைவிட்ட பிறகு ரத்தத்தில் தொற்று கூடியதாக 2021இல் ஓர் ஆய்வு சொன்னது. அவர்கள் பழைய முறைக்கே திரும்பினார்கள். அது குலுக்கல் ஆய்வல்ல, முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஹாங்காங் எண்களுக்கு இருந்த பலவீனம் அதற்கும் உண்டு. ஆனால் ரத்தத் தொற்று மிக அரிது என்பதால் ரிக்கார்டின் மூவாயிரம் பேரில் அது சரியாகப் புலப்படாமல் போயிருக்கவும் கூடும். 'தேவை ஏற்பட்டால் மாற்று' என்ற விதிக்கு உயிர் கொடுப்பது ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் அந்த இடத்தைப் பார்த்து, தொட்டு, வலிக்கிறதா என்று கேட்பதுதான். அப்படிப் பார்க்க ஆள் இருந்தால் புதிய விதி நல்லது. இல்லையென்றால் பழைய விதியே பாதுகாப்பாக இருக்கலாம்.

இங்கேதான் களமசேரி போன்ற மருத்துவமனையில் செய்ய வேண்டிய வேலை காத்திருக்கிறது. குயின்ஸ்லாந்து வார்டில் ஒரு செவிலியர் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளின் எண்ணிக்கையும் நம் அரசு மருத்துவமனையின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஏப்ரல், மே மாதங்களில் கொச்சிப் புழுக்கத்தில் வியர்வை ஊறி பிளாஸ்திரி உரியும்போது ஊசி அசையும், அசைந்தால் அழற்சி வரும். ஜூன் மழையில் நிலைமை வேறு. மூன்று நாளா, தேவைக்கேற்பவா என்ற கேள்வியை இந்த ஊரின் வார்டில், இந்த ஊரின் பருவத்தில் கேட்டால் என்ன பதில் வரும்? இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். நெறிமுறைக் குழுவின் அனுமதியும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஒரு பதிவும், சீலிட்ட உறையில் குலுக்கல் சீட்டும், ஒரு பயிற்சிபெற்ற செவிலியர் குழுவும் போதும். குலுக்கல் சீட்டைப் பார்க்காத ஒருவர் கையைப் பார்த்து அழற்சியைக் குறிக்க வேண்டும். ரத்தத் தொற்று அரிது என்பதால் ஒரு மருத்துவமனை போதாது. கோழிக்கோடு, திருச்சூர், ஆலப்புழை, இந்தப் பக்கம் கோவை, மதுரை என்று சேர்ந்தால்தான் எண்ணிக்கை வரும். ஒப்புதல் படிவத்தை மலையாளத்திலும் தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் அச்சடிக்க வேண்டும், எறணாகுளத்தில் வேலை செய்கிறவர்கள் அத்தனை மொழி பேசுகிறவர்கள். ஆய்வின் முதன்மைப் பொறுப்பாளராக ஒரு செவிலியரின் பெயர் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் அடுத்த மாதமே வார்டின் நடைமுறைக் கையேட்டில் அந்த ஒரு வரியை மாற்ற அவருக்கு அதிகாரமும் இருக்க வேண்டும்.